வீட்டுக்கு ஒருவர்

பத்து ஆண்டுகளுக்குள் மாரடைப்பு வர வாய்ப்பு மிக அதிகம் என்று ஆய்வுக் குழுவின் கணினி சொன்னவர்களில் தணிகாசலமும் ஒருவர். கெடு முடிந்ததும், கணிப்பு பலித்ததா என்று பார்க்க அந்தக் குழுவைச் சேர்ந்த மேகலா மூன்றாவது மாடியிலிருந்த அவர் வீட்டுக்கு வந்தாள். அவர் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்.

“குத்துக்கல்லாட்டம் இருக்கேன், பாத்தீங்களா? உங்க மிஷின்தான் தப்பு” என்றார் பெருமையாக. “நீங்க சொன்ன நாள்லேர்ந்து ஒரு குடம் தண்ணி நான் தூக்கினதில்ல. எல்லாம் சுலோச்சனாதான்.”

‘மாரடைப்பு இல்லை’ என்று மேகலா பதிந்துகொண்டாள்.

தண்ணீர் லாரிக்குப் போயிருந்த அவர் மனைவி சுலோச்சனா படியேறி வரும் சத்தம் கேட்டது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் குடத்தை இறக்கிவைத்தாள். மூச்சிரைப்பது மேலே வரை கேட்டது.

“அவங்களுக்கு டெஸ்ட் எடுத்திருக்கா சார்?”

“வீட்டுக்கு ஒருத்தர்தான்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?”

அவர் அடுத்த முறுக்கை எடுத்தார். குடத்தை மறுபடி தூக்கும் சத்தத்துக்காக மேகலா காத்துக்கொண்டிருந்தாள்.