எல்லை வயர்

கரகரவென்று கல்லில் இரும்பு உரசும் சத்தம். பல் விளக்கிக்கொண்டிருந்த சிவகலா பிரஷ்ஷோடு வெளியே ஓடினாள்.

பக்கத்து வீட்டுத் தம்பித்துரையின் புல்வெட்டும் ரோபோ மறுபடியும் அவள் பக்கம் வந்துவிட்டது. விரியவிருந்த மஞ்சள் மொட்டுகளை மொட்டையடித்துவிட்டு, செடிகளுக்கு நடுவே கிடந்த கூழாங்கற்களைக் கடித்துக்கொண்டிருந்தது.

சுவிஸின் எம்மன்புரூக்கே ஊரில், அந்த வரிசை வீடுகளில் எல்லா வாசலிலும் புல்தான். சிவகலா காலையில் உணவகச் சமையலறைக்கு ஓடினால், திரும்பும்போது இருட்டிவிடும். லீவு ஞாயிறு மட்டும். ஞாயிறில் மெஷின் சத்தம் கூடாதென்பது அந்த நாட்டுச் சட்டம், அன்று புல் வெட்ட முடியாது.

அதனால்தான் புல்லைக் கிளறி எறிந்துவிட்டு ‘ஷாஃப்கார்பே’ நட்டாள். கம்பளி போன்ற சாம்பல் பச்சை இலை. பாய் விரித்ததுபோலத் தரையோடு படரும். வெட்டவும் வேண்டாம், தண்ணீரும் அதிகம் கேட்காது. ஆனால் இந்தக் கோடைக்குள் செடி தரையை மூடாவிட்டால் பழையபடி புல்தான் என்று வீட்டு நிர்வாகம் சொல்லியிருந்தது.

ரோபோவை நிறுத்தித் தூக்கிக்கொண்டு போய் மணியை அழுத்தினாள். தம்பித்துரை உடனே திறந்தார். மேசையில் இரண்டு கோப்பைகளில் தேநீர் ஆவி பறந்தது.

மெஷினுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார். சூரிச்சில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பியது, அவனுக்கு வந்து பார்க்க நேரமில்லை என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

“உது ஆடு தின்னுற பூண்டு மாதிரியெல்லோ கிடக்கு, பிள்ளை.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இனி உங்கட மெஷின் என்ர பக்கம் வந்தால் நிர்வாகத்துக்கு எழுதுவன், அண்ணை.”

“எழுது. அதுக்கு முதல் இருந்து தேத்தண்ணியைக் குடி.”

குடிக்காமல் திரும்பினாள். அறுந்து கிடந்த மொட்டுகளைப் பொறுக்கும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. ரோபோ எதுவரை போகலாம் என்று காட்டும் எல்லை வயர். அவருடைய புல்லுக்கடியில் இருக்கவேண்டிய அது, அவள் செடிகளுக்கு நடுவே வளைந்து வந்திருந்தது. மேலே புது மண் போட்டு அமுக்கியிருந்தது.

மெஷினில் பிழை இல்லை. மனுசனுக்கு இந்த இடத்தில் திரும்பவும் புல் வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். சிவகலா வயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று போனாள்.

கதவு திறந்தே இருந்தது. “இதை இழுத்துப் புதைச்சது நீங்கள்தானே? என்ர செடி உங்களுக்கு என்ன செய்தது?”

தம்பித்துரை வயரைப் பார்த்தார். மறுக்கவில்லை. கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

“சண்டைக்கெண்டாலும் நீ ஒருத்திதானே பிள்ளை இந்த வீட்டுக்கு வாறாய்.”