ஒன்றிலிருந்து எண்ணியவள்

ஸ்டாப்வாட்சை அமுக்கிக்கொண்டே உம்மு ஹானி, "ஒண்ணு" என்றாள்.

அது தப்பு என்று மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்ற அனுசியாவுக்கு உடனே தெரிந்துவிட்டது.

ஊசல் ஒரு தடவை போய்த் திரும்பி வந்த பிறகுதான் ஒன்று. கிளம்பும்போது ஜீரோ என்று சொல்ல வேண்டும். ஒன்று என்று ஆரம்பித்தால், இன்னும் வராததையும் கணக்கில் சேர்த்ததாகிவிடும். பிளஸ் ஒன் சேர்ந்த புதிதில் அனுசியாவும் இதே தப்பைச் செய்து, இயற்பியல் எடுக்கும் கிருபாபாய் மிஸ்ஸிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். இரண்டு வாரமாக அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்பு லேப் மாடியில் இருந்தது. உம்மு ஹானியின் சக்கர நாற்காலி படியேறாது. பிராக்டிகல் நேரத்தில் அவள் கீழே வகுப்பில் தனியாக உட்கார்ந்திருப்பாள். அனுசியா மாடியில் சோதனையைச் செய்து, ரீடிங்குகளை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க இறங்கி வருவாள். உம்மு ஹானி கணக்குப் போடுவாள். கை இவளுடையது, கணக்கு அவளுடையது. விடை சரியாக வந்துவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து மணியடிக்கும்வரை கதையடிப்பார்கள்.

பொங்கல் லீவு முடிந்து வந்தபோது லேப் கீழே வந்திருந்தது. கிருபாபாய் மிஸ் தலைமையாசிரியரிடம் மல்லுக்கட்டி வாங்கியது. கைப்பந்து வலைகள் கிடந்த அறையைக் காலி செய்து, வாசலில் சரிவுப்பாதை போட்டு, உம்மு ஹானியின் உயரத்துக்கு ஒரு மேஜையின் கால்களையும் அறுத்துக் குட்டையாக்கியிருந்தார்.

முதல் நாள் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது அனுசியாதான். நிஜமான சந்தோஷம். அது சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை.

மிஸ் அந்தக் குட்டை மேஜையை விட்டு நகர்வதே இல்லை. உம்மு ஹானி லென்ஸைத் துடைத்தாலும் அழகு, திருகு அளவியைத் திருப்பினாலும் அழகு. பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்தார். மறுநாள் பேப்பரில் உம்மு ஹானி சிரித்துக்கொண்டிருந்தாள். அனுசியாவின் முழங்கை மட்டும் ஓரத்தில் விழுந்திருந்தது. இத்தனை மாதம் மாடிப்படி ஏறி இறங்கியதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்சம் தள்ளி நில்லு, அவளே செய்யட்டும் என்பதுதான் அவளுக்குக் கிடைத்த மரியாதை.

அவளே செய்துகொள்வாள் என்றால், நான் எதற்கு?

இதற்கு நடுவில் பெங்களூர் முகாம் வேறு வந்து சேர்ந்தது. கோடை லீவில், இயற்பியல் படிக்கும் பெண் பிள்ளைகளுக்காக நடத்துகிறார்களாம். பள்ளிக்கு ஒரே ஓர் இடம். அனுசியா, உம்மு ஹானி இரண்டு பேரில் ஒருவரைத்தான் அனுப்பப்போவதாகவும், இன்றைய ஊசல் சோதனையைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகவும் மிஸ் காலையிலேயே சொல்லிவிட்டார். அனுசியா முதலிலேயே செய்து முடித்துவிட்டாள். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும், அவளுக்கு 9.8 வந்தது. உம்மு ஹானிக்கு எட்டாத உயரத்தில் நூலைக் கட்டிக் கொடுக்கத்தான் இப்போது இங்கே நின்றாள்.

உம்மு ஹானி இருபது வரை எண்ணி ஸ்டாப்வாட்சை நிறுத்தினாள். கணக்குப் போட்டாள். கிட்டத்தட்ட பதினொன்று வந்தது.

அதுவரை வேறு மேஜையில் இருந்த மிஸ் வந்து எட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. அனுசியாவுக்குப் பெங்களூர் வழியாகப் போகும் மைசூர் எக்ஸ்பிரஸில் ஜன்னலோர சீட்டே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

உம்மு ஹானி கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. நூலின் நீளத்தையும் அளக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அனுசியாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஊசலின் குண்டை மறுபடி இழுத்து விட்டு, ஸ்டாப்வாட்சை அமுக்கி, ஜீரோ என்று எண்ண ஆரம்பித்தாள்.

இந்தத் தடவை 9.8.

மிஸ்ஸுக்கு வாயெல்லாம் பல். எண்ணுவதில்தான் தப்பு என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார்.

"அனுசியா மொகத்தப் பாத்துத்தான் மிஸ்."

மிஸ் அனுசியாவின் தோளை அணைத்துக்கொண்டார். போட்டி என்று வந்த பிறகும் சிநேகிதிக்குச் சாடை காட்டி உதவுகிற மனசு எத்தனை பேருக்கு வரும் என்று வகுப்புக்கே கேட்கும்படி சொன்னார். பின்னால் யாரோ கைதட்டினார்கள். ஆனால் முகாமுக்கு உம்மு ஹானிதான் என்றார். குறிப்புக் கிடைத்தாலும், தப்பு எங்கே என்று பிடித்தது அவள்தானே என்றார்.

மிஸ் அடுத்த மேஜைக்குப் போகும்வரை அனுசியா தலையை நிமிர்த்தவில்லை.

"நான் ஒனக்குச் சாடை ஒண்ணும் காட்டலயே" என்றாள்.

உம்மு ஹானி நூலிலிருந்து குண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருப்பதாகவே தெரியவில்லை.

"ஏளா, ரெண்டு வாரமா உர்ருன்னு இருந்தவ, நான் ஒண்ணுன்னதும்தான் சிரிச்ச."