மெம்பரைக் காணோம்

“எம் பொண்டாட்டியத் தூக்கிட்டாக மேடம்.”

சுருளிராஜன் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். காலையிலிருந்து ஊர் ஊராகத் தேடிய வாடகை ஜீப், புழுதி அப்பி வாசலில் நின்றது.

எஸ்.ஐ. ரெஹானா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். “யாரு மேல சந்தேகம்?”

“அன்னத்தாய் ஆளுகதேன். நாளைக்கு எங்க பஞ்சாயத்துல துணைத்தலைவர் தேர்தல். அந்தம்மாவும் வினோத்ராஜும் நிக்கிறாக. மெம்பருக சரிபாதியாப் பிரிஞ்சு கெடக்காக. எம் பொண்டாட்டி விஜி ஓட்டு விழுற பக்கந்தேன் ஜெயிக்கும்.”

சும்மா சொல்லக் கூடாது, இது நடக்கிற கூத்துதான். தேர்தல் வந்தால் மெம்பர்களை ஆடு பத்துவதுபோலப் பத்திக்கொண்டு போய், மலை மேல் ஏதாவது எஸ்டேட்டில் அடைத்துவிடுவார்கள். ஓட்டுப் போடும் நேரத்துக்குத்தான் கொண்டுவந்து இறக்குவார்கள். பொம்பளை மெம்பர் என்றால் கேட்கவே வேண்டாம். ஜெயித்தவள் அவள், போஸ்டரில் பெரிய படம் புருஷனுக்கு.

“உங்க வீட்டம்மா யாருக்கு ஓட்டுப் போடுறதா இருந்தாக?”

“அவளுக்கு என்ன தெரியும்? வினோத்ராஜுக்குப் போடுவான்னு நாந்தேன் வாக்குக் குடுத்திருக்கேன். இனி அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?” மறுபடி துண்டு வாய்க்குப் போனது. “பிள்ளைக ரெண்டும் ஆத்தாளக் காணாம ஏங்கிப் போச்சுக மேடம். பச்சத்தண்ணி குடிக்கல.”

“இட்லி ஊத்திக் குடுங்க. ரெண்டு நாளைக்கு மாவு ஆட்டித்தான வச்சிருக்காக.”

“அது கெடக்கு மேடம். மொதல்ல ஆளக் கண்டுபிடிங்க.”

ரெஹானா வெளியே போனார். ஜீப்பின் பின் சீட்டில் கிடந்த பையை எடுத்து வந்து மேசைமேல் கவிழ்த்தார். சேலைகள், ஒரு நைட்டி, சீப்பு, தேங்காய் எண்ணெய் பாட்டில்.

“நேத்தே கட்டுன பை மாதிரி இருக்கே. யாருக்கு?”

சுருளிராஜனின் அழுகை நின்றுவிட்டது.

ரெஹானா உள் அறைக் கதவைத் திறந்தார். விடிகாலையிலேயே வந்து உட்கார்ந்திருந்த விஜி, அழுது வீங்கிய கண்ணோடு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னைய அடைச்சு வைக்க ஜீப்புப் பேசுனது இவுகதேன் மேடம்.”