ஆணி இல்லாத கடை

கொங்கிரீட் குழைத்தாயிற்று. புதுக் கல் கடையின் அத்திவாரக் குழிகளுக்குள் ஊற்றவா வேண்டாமா என்று மேசன் வடிவேல் மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டார்.

கணேசமூர்த்தி கால்சட்டைப் பைக்குள் கிடந்த ஸ்பேனரை உருட்டிக்கொண்டே நின்றார்.

மலையகத்துக் கொட்டகலை கடைவீதியில் அவருடைய பலசரக்குக் கடையைப் போல இன்னொன்று கிடையாது. பலகைச் சுவர், தகரக் கூரை, மருந்துக்குக்கூட ஓர் ஆணி இல்லை. எல்லாமே போல்ட்டும் நட்டும்தான். ஒன்றரை மணி நேரத்தில் கழற்றி லொறியில் ஏற்றிவிடலாம்.

அவருடைய அப்பா கல்லில்தான் கட்டினார். ஒருநாள் காலையில் புல்டோசரோடு வந்து தள்ளிவிட்டுப் போனார்கள். மனுஷர் அதற்குப் பிறகு கல்லைத் தொடவேயில்லை.

பலகைக் கடையையும் மூன்று தடவை கழற்றி மாட்டியாயிற்று. ரோடு போடுகிறவர்கள் ஒருமுறை, தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் ஒருமுறை. மூன்றாவது, யாருடைய உத்தரவு என்று இன்றுவரை தெரியாது.

போன மாதம்தான் நுவரெலியாவுக்குக் கூப்பிட்டு, கடை நிற்கிற நிலத்துக்கு அவர் பெயரிலேயே காணி உறுதிப் பத்திரம் கொடுத்தார்கள். அன்றைக்குச் சந்தோஷத்தில் கடைவீதி முழுக்க லட்டு கொடுத்தார். இன்றைக்குக் காலையில் கடையைக் கழற்றிப் பலகைகளை அடுக்கியதிலிருந்து குழிகளையே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறார். பலகை என்றால் தூக்கிக்கொண்டு ஓடலாம். கல்லை எங்கே தூக்குவது?

வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து அம்பலவாணர் ஐயா குடையோடு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், காணி அதிகாரி. உறுதியைக் கையில் கொடுத்தவரே அவர்தான்.

“ஐயா, நீங்களே சொல்லுங்க. நம்பி ஊத்தலாங்களா?”

“ஊத்தச் சொல்லுங்கோ. பதிவிலயும் உங்கட பேர்தான். இனி ஒருத்தரும் கை வைக்கேலாது.”

அவ்வளவுதான், கணேசமூர்த்திக்கு உயிர் வந்தது. கையைக் காட்டினார். வடிவேல் மளமளவென்று ஊற்றினார். குழிகள் ஒவ்வொன்றாக நிரம்பின.

அம்பலவாணர் போகவில்லை. அடுக்கியிருந்த பலகைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். எது எதற்கு அடுத்தது என்று பெயின்டில் எழுதியிருந்த எண்களைக் குனிந்து பார்த்தார். ஒரு நட்டைத் திருகியும் பார்த்தார். பிறகு கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

“இந்தப் பலகையள வேற ஆருக்கும் குடுத்திடாதேங்கோ. முப்பத்து நாலு வருசத்துக்குப் பிறகு ஊரில ஆமி பிடிச்ச எங்கட காணியத் திருப்பித் தந்திருக்கினம். இப்பிடிக் கழட்டக்கூடியதா ஒரு சின்ன வீடு போடப்போறன்.”

கணேசமூர்த்தி அவர் முகத்தையே பார்த்தார்.

“உங்க காணிக்கு உறுதி இல்லீங்களா?”

“உறுதி அப்பவும் இருந்தது.”

பின்னால் வடிவேல் கடைசிக் குழியையும் நிரப்பி, மேலே மட்டம் தட்டிக்கொண்டிருந்தார்.

பலகைகள் அத்தனையையும் தருவதாகக் கணேசமூர்த்தி தலையாட்டினார். அம்பலவாணர் ஸ்பேனரையும் சேர்த்துக் கேட்டார்.

“அது மட்டும் இருக்கட்டுங்க ஐயா” என்றார் கணேசமூர்த்தி. பைக்குள் விட்ட கையை அவர் வெளியே எடுக்கவில்லை.