கொட்ட ஓர் இடம்

ஏரிக்கரையில் இனி ஒரு கூடைக் குப்பைகூட விழாது என்று சொல்லித்தான் மங்களேஸ்வரி பேரூராட்சித் தலைவி ஆனாள். பதவியேற்றதும் குப்பை லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து வேறு இடம் தேடிப் போனாள். பழைய கல்குவாரியில் பக்கத்து ஊர்க்காரர்கள் கம்போடு நின்றார்கள். சுடுகாட்டை ஒட்டிய புறம்போக்கில், "எங்க செத்தவங்க மேலயா கொட்டுவீங்க?" என்று ஒருவர் கேட்டதும் அவளே வண்டியைத் திருப்பச் சொன்னாள். வாரக்கணக்கில் அள்ளாத குப்பை கடைவீதியில் மலையாகிப் புழுத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாந்திபேதி கண்டது.

"எங்கதாம்மா கொட்டட்டும்?" என்றார் டிரைவர். அவள் ஏரிப் பக்கம் கையைக் காட்டினாள்.

கரையில் பெண்கள் வழியை மறித்து நின்றார்கள். அவளுக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவர்கள். மங்களேஸ்வரி கீழே இறங்கினாள். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வது என்று மனதைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தாள். முன்னால் நின்ற ராக்கு அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மற்றவர்களிடம் திரும்பி, "வழிய விடுங்கடி. பாவம், அவதான் என்ன செய்வா?" என்றாள்.

ஒவ்வொருத்தியாக ஒதுங்கினார்கள். மங்களேஸ்வரிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் லாரி அவளைக் கடந்துபோய், தண்ணீர்ப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டிருந்தது.