கைலாஷ் சார் தின்ற கத்திரிக்காய்

மரபணு மாற்றிய கத்திரிக்காயால் கெடுதல் ஒன்றுமில்லை என்று காட்ட, விதைக் கம்பெனி அதிகாரி கைலாஷ், வித்துரா என்ற ஊரில் நடந்த கூட்டத்தில் மேடையிலேயே கத்திரிக்காய்க் கறியை வழித்துச் சாப்பிட்டார். கைதட்டிய ஊர்க்காரர்களும் சாப்பிட்டார்கள். அவருடைய டிரைவர் ஜெபசிங் இரண்டு தடவை வாங்கித் தின்றான்.

திருவனந்தபுரம் திரும்பும் வழியில் கைலாஷ் வண்டியை நிறுத்தச் சொன்னார். சாலையோரம் குனிந்து, தொண்டைக்குள் விரலை விட்டு அத்தனையையும் வாந்தியெடுத்தார்.

ஜெபசிங் தண்ணீர் பாட்டிலுடன் ஓடினான். "சாருக்கு சுகமில்லையா?"

"சுகம்தான்டா. சோதனையே முடியாத காயை மனுஷன் வயித்துல வச்சிருப்பானா?" வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

ஜெபசிங் பாட்டிலை மூடிவிட்டு வண்டியை எடுத்தான்.

கொஞ்ச தூரம் போனதும் சொன்னான்.

"சாரே, கூட்டத்துக்குக் கொண்டுவந்த காய் நேத்தே கொஞ்சம் கூடுதலா கிடந்துச்சு. எல்லாக் கூட்டத்துலயும் சார் சொல்றதை நம்பி ரெண்டு வீட்டுக்குக் கொடுத்தேன்."

"எந்த வீட்டுக்கு?"

"என் பிள்ளைங்களுக்குக் கொஞ்சம். பாக்கியை உங்க வீட்டு மேடத்துகிட்ட."

கைலாஷ் போனைத் தேடினார்.

"காலையிலயே கேட்டுட்டேன் சாரே. உங்க பொண்ணு ருசிச்சுத் தின்னாளாம்."