விளக்குப் போடாத குளியலறை

“என் பிள்ளை பாத்ரூம் போகணும்னா லைட் போடக் கூடாதாம்! இது வீடா, சினிமாக் கொட்டகையா?” மாப்பிள்ளையின் அம்மா போட்ட சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்டது. உறைமோர் வாங்கும் சாக்கில் நானும் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து நிற்க, பூரணி பட்டுப்புடவையோடு குளியலறைக் கதவை மறித்து நின்றாள். உள்ளே, ஜன்னலுக்குக் கம்பளி போர்த்தி, வாளி மணலில் அவள் தோட்டத்துச் சிக்கரிக் கிழங்குகள். இலையை வெட்டி இருட்டில் நட்டால் வாழைக்குருத்து மாதிரி வெள்ளையாக, தின்கிற முளை விடுமாம். வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் கசந்துவிடுமாம். போன இரண்டு வருஷமும் யாரோ சுவிட்சைத் தட்டிக் கெடுத்தார்கள். காப்பியில் கலக்கிற கிழங்குக்கா இத்தனை காவல் என்று தெருவே சிரித்தது. நான் கொஞ்சம் கூடுதலாக.

“நீங்க கோவிச்சுட்டுப் போனாலும் சரிங்கம்மா, லைட் மட்டும் வேண்டாம்,” என்றாள் பூரணி. அவள் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“அவசரம் எனக்குத்தானேம்மா,” என்று மாப்பிள்ளை நடேசன், ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கதவைத் திறந்து இருட்டுக்குள் போனான். உள்ளே செம்பு உருண்டது. முழங்கால் எதிலோ இடித்தது. விளக்கு எரியவில்லை.

வெளியே வந்தவன், “வாளியில கை பட்டுடுச்சுங்க. முளை வந்திருக்கு,” என்றான்.

“எத்தனை விரல் உயரம்?” என்று கேட்டாள் பூரணி.

தையில் கல்யாணமாகி வேறு ஊருக்குக் குடிபோனார்கள். அங்கே குளியலறை ஒன்றே ஒன்றுதானாம். போய்த் தங்கிவிட்டு வந்த மாமியார், முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாளாம்.